சிவப்புத் துணி கட்டிய காப்பிச் செடி

மலைக்கிராமமான கொட்டச்சேட்டில் ஒரு எஸ்டேட் முழுக்க இலைத்துரு நோய். எந்தக் காப்பி இலையைத் திருப்பினாலும் அடியில் ஆரஞ்சுப் பொடி ஒட்டியிருக்க, ஒரே ஒரு செடி மட்டும் சுத்தமாக நின்றது. நாலு இலை பறித்துக்கொண்டு, அடையாளத்துக்குச் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டு ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

அதன் மரபணுக்கள் கணினியில் விரிந்த அன்று எனக்குச் சாப்பாட்டு நினைப்பே வரவில்லை. நோயை இனங்காணும் மரபணு ஒன்று மற்ற செடிகளில் ஒற்றையாக இருந்தது. இதிலோ அது நகலாகி, மூன்றாகி, வரிசையாக நின்றது. இரண்டு பழையபடியே இருக்க, மூன்றாவது மட்டும் அங்கங்கே மாறியிருந்தது. பழைய காவலை விடாமலே புது எதிரியைப் பிடிக்கப் பழகியிருக்கிறது.

உடனே எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருக்குப் போன் போட்டேன்.

"சிவப்புத் துணி கட்டுன செடியெல்லாம் புடுங்கி எரிச்சாச்சுங்களே. தண்டுல புழு விழுந்ததுக்குத்தானுங்க அப்படிக் கட்டுவோம்" என்றார்.

என்னை நானே திட்டிக்கொண்டு மலையேறினேன். பழம் பறித்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர் என்னைக் கண்டதும் சிரித்தார்.

"நீங்க கட்டுன துணிய அன்னிக்கே அவுத்துப்போட்டேனுங்க அம்மணி. தண்டுல ஒரு ஓட்டை இல்லை. நல்ல செடியப் போயிப் புடுங்குவாங்களா?"

"எந்தச் செடிங்கக்கா அது?" எனக்கு எல்லாம் ஒன்றுபோலவே தெரிந்தன.

அவர் எட்டி ஒரு கிளையை வளைத்து இலையைத் திருப்பினார். அடிப்பக்கம் பச்சைப்பசேலென்று இருந்தது.

"இதுக்குத் துணி வேற வேணுமுங்களா?"