காட்டைக் காக்கும் படத்தில் பஸ் வரவில்லை

டில்லியில் டெலிவிஷன் வந்துவிட்டதாம். காடு, மழை பற்றியெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே பாடம் சொல்லித் தருமாம். திருச்சியில் அந்த வேலையை இன்னும் சினிமாக் கொட்டகைதான் செய்கிறது. மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கப் படம் ஒன்று போடுவார்கள். அது முடியும்வரை ஊரே வெளியில் நின்று டீ குடிக்கும்.

இன்று மாட்னியில் காட்டைக் காப்பது பற்றிய படம். உள்ளே இருந்தது இரண்டே பேர்: நானும், பச்சைமலைக்காரர் ஒருவரும்.

திரையில் ஒரு மலைச்சரிவு தெரிந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அது எங்க வரகுக் கொல்லைங்க. அதோ நிக்கிறது நான்தான்.”

“நடிச்சீங்களா?”

“நிக்கச் சொன்னாங்க, நின்னேன். படம் எடுத்துக் காட்டினா மலைக்கு பஸ் விடுவாங்கன்னாங்க. அந்தப் படத்தைப் பாக்கத்தான் துறையூர் வரைக்கும் நடந்து, அங்கேருந்து வண்டி பிடிச்சு வந்தேன்.”

அறியாமையால் காட்டை அழிப்பவர்கள் இவர்கள்தான் என்றது திரையில் ஒலித்த குரல். திரை முழுக்க அவர் முகம் பெரிதாகத் தெரிந்தது.

“பஸ் எப்பங்க வரும்?” என்று கேட்டார்.

“படம் இன்னும் முடியலைங்க” என்றேன்.

முடிந்தது. எல்லோரும் முறுக்கும் கையுமாக உள்ளே வந்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “போயிட்டு வரேங்க” என்று எழுந்து போனார். மலை ஏற வேண்டுமே.

நாளையும் அதே படம்தான். டீயை விட்டுவிட்டு யாராவது பார்த்தால், அதில் பஸ் எங்காவது வருகிறதா என்று சொல்லுங்கள். நான் கண் சிமிட்டிய நேரத்தில் போயிருக்கலாம்.