நான் பூட்டின பில்டர்

நான் பூட்டின ஒயில் பில்டர் ஒழுகாது. தலைக்கனம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். டென்மார்க்கில், கிரின்ஸ்டெட்டில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக அழுத்த மெஷின்களின் ஒயில் குழாய்களைப் பார்க்கிறவள் நான். அங்கே ஒரு குழாய் வெடித்தால் ஆளுக்குக் கை போகும்.

என் தம்பி பிரெடெரிசியாவில் இருக்கிறான். ஃபோல்க்கரேஸ் ஓடுகிறவன். பழைய காருக்குள் இருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்து, இரும்புக் கூடு அடித்து, மண்ணும் தாருமான வட்டப் பாதையில் இடிபட்டுக்கொண்டு ஓடுவதுதான் அது. ஓட்டுவது அவன், ஒயில் என் பொறுப்பு. வளைவில் கார் திரும்பும்போது ஒயில் முழுக்க எஞ்சினுக்கு அடியில் இருக்கிற சட்டியின் ஒரு பக்கத்துக்கு ஓடிவிடும். பம்ப் வெறும் காற்றை இழுக்கும். எஞ்சின் செத்துப்போகும். அதைத் தடுக்கச் சட்டிக்குள் தகடு வைத்து நானே வெல்டிங் செய்தேன். இரண்டு சீசன் ஒரு கரைச்சலும் இல்லை.

மூன்றாவது சீசனின் முதல் ஓட்டத்தன்று காலை புல்லில் உறைபனி. புது பில்டரை முதல் நாள்தான் பூட்டியிருந்தேன். ஒயில் சூடாகுமட்டும் எஞ்சினை முறுக்காதே என்று சொல்லித்தான் விட்டேன். தம்பி தொடக்கக் கோட்டிலேயே உறுமவிட்டான். இரண்டாவது வளைவில் காரின் அடியிலிருந்து புகை. பாதையெல்லாம் ஒயில். பின்னால் வந்த இரண்டு கார்கள் வழுக்கிப் போய் டயர்ச் சுவரில் அடித்தன. சிவப்புக் கொடி. நல்லகாலம், ஒருவருக்கும் காயமில்லை. தம்பி உடனே நிறுத்தியதால் எஞ்சினும் தப்பியது.

கார்களைச் சோதிக்கிற டேனிஷ்காரர் வந்தார்.

“பில்டர் சரியாக இறுக்கப்படவில்லை. யார் பூட்டியது?”

“அக்கா,” என்றான் தம்பி, ஒரு நொடி யோசிக்காமல்.

பிழையாகப் பூட்டினவர் சீசன் முடியும்வரை கார் திருத்துகிற இடத்துக்குள் வரக்கூடாது என்று சொல்லி, என் கழுத்தில் தொங்கிய அனுமதி அட்டைக்குக் கை நீட்டினார்.

“குடுத்திட்டு வா அக்கா. அந்தாளோடை கதைச்சுப் பிரயோசனமில்லை.”

“வாயைப் பொத்தடா. நான் என்ன களவெடுத்தனானோ?”

அட்டையைக் கொடுக்கவில்லை. காருக்குக் கீழே படுத்துப் பில்டரைக் கழற்றினேன். அடிப்பக்கம் பூரி மாதிரி வீங்கிக் கிடந்தது. ஒரு புதுப் பில்டரைப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். என் டேனிஷ் அழகாக இராது, ஆனால் ஒயிலைப் பற்றி என்றால் தடுமாறாது.

“இறுக்காத பில்டர் ஒழுகும், கழன்று விழும். வீங்காது. இதற்குள் அழுத்தம் கூடிப்போயிருக்கிறது. வால்வைத் திறக்கப் போகிறேன், நின்று பாருங்கள்.”

பம்பில் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. அழுத்தம் அளவை மிஞ்சினால் அதன் ஸ்பிரிங் பின்வாங்கி, ஒயிலைச் சட்டிக்குத் திருப்பி விடும். மூடியைக் கழற்றினேன். ஸ்பிரிங்கோடு பளபளவென்று இரண்டு வொஷர்கள் கையில் விழுந்தன. நான் வைத்தவை அல்ல. ஸ்பிரிங் அசைய முடியாதபடி அவை நெருக்கிக்கொண்டிருந்தன. குளிரில் தடித்த ஒயிலுக்குப் போக வழியில்லை. பில்டரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

தம்பியைப் பார்த்தேன். அவன் தன் சப்பாத்தைப் பார்த்தான்.

“ஆரடா வைச்சது?”

“உன்னைக் கேட்டா விடமாட்டாய் எண்டு… பிரஷர் கூட இருந்தா எஞ்சினுக்கு நல்லமாம்.”

“ஆர் சொன்னது?”

“இன்ரநெற்றிலை போட்டிருந்தாங்கள்.”

“அப்ப இன்ரநெற்றையே கூட்டிக்கொண்டு வந்து றோட்டைத் துடைக்கச் சொல்லு!”

கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டிருப்பேன். அதற்குள் அவன் சோதனைக்காரரிடம் போய், மோதின இரண்டு கார்க்காரரும் கேட்கும்படி, “நான்தான் வைத்தேன். அக்காவுக்குத் தெரியாது” என்றான். முதலில் என்னைக் காட்டிக் கொடுத்ததற்கு இன்னும் கோபம்தான். ஆனாலும் அந்த இடத்தில் அவன் என் தம்பி என்று நெஞ்சு நிமிர்ந்தது.

தடை அவனுக்குப் போனது. கார் ஓட்டலாம், திருத்துகிற இடத்துக்குள் கால் வைக்கக்கூடாது. என் அட்டை என் கழுத்திலேயே கிடந்தது.

மத்தியானம் வொஷர்கள் இல்லாமல் வால்வைப் பூட்டி, புதுப் பில்டர் போட்டு, ஒயில் ஊற்றி, எஞ்சினை நானே ஆறுதலாக, மெல்ல மெல்லச் சூடாக்கினேன்.

திருத்துகிற இடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று தம்பி கேட்டான்: “அக்கா, ஒருக்கா வந்து பாக்கட்டே?”

“அங்கையே நில்.”

அடுத்த ஓட்டத்தில் நாலாவதாக வந்தான். கார் நின்றதும் சோதனைக்காரர் குனிந்து பில்டரின் விளிம்பைத் தன் விரலால் சுற்றித் தடவினார். விரலில் ஒரு சொட்டு ஒயில் இல்லை, புழுதி மட்டும்தான். மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. போகட்டும். தடவியது அவருடைய விரல்தானே.