ஃபோர்மேன் சாரின் 'லி'

அந்தத் தாளில் மேனேஜர் ஒரு வாக்கியத்துக்குச் சிவப்பு மையால் அடிக்கோடு இழுத்து, அடுத்த வாக்கியத்தின் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தார். இரண்டையும் டைப் அடித்தவள் நான். எண்பதுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் டைப்பிஸ்ட்டாக இருந்தேன். காட்டுப்பாக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அந்த வாக்கியங்களை எழுதியவர் எங்கள் ஃபோர்மேன்.

ஃபோர்மேன் ஆவடிக்காரர். லேத் மெஷினில் நின்று நின்றே மேலே வந்தவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பெஞ்சு, மற்ற ஆறு நாளும் எங்களுக்கு முன்னால் கம்பெனி வாசல். வடக்கேயிருந்து புது மேனேஜர் வரும்வரை அவருக்கு இங்கிலீஷ் தேவைப்படவில்லை. வந்தவருக்கோ தமிழ் சுத்தமாகத் தெரியாது. எதுவானாலும் இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும் என்றார். ஃபோர்மேன் அசரவில்லை. ஒரு டிக்‌ஷனரி வாங்கினார். ஒரே மாதத்தில் அந்த மொழியின் ரகசியத்தையும் கண்டுபிடித்துவிட்டார்.

"வா-ன்னு சொல்றதுக்கும் வாங்க-ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் கீதுல்ல? அந்த 'ங்க' தாம்மா இங்கிலீஷ்ல 'லி'. பின்னாடி ஒரு லி போட்டுட்டா மரியாதையா ஆயிப்பூடும்."

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் லாரி 'ஃபாஸ்ட்லி' போனது. பஸ் 'லேட்லி' வந்தது. அவருக்குக் காய்ச்சல் கண்டபோது, 'ஐ ஆம் ஃபீவர்லி' என்று லீவு லெட்டர் வந்தது. ஒருமுறை, ஃபாஸ்ட்டுக்கு லி கிடையாது என்று நானே எடுத்துவிட்டு அடித்துக் கொடுத்தேன். தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "டைப் அடிக்கிறது உன் வேல. இங்கிலீஷ் என் வேல. எழுதனத அப்டியே அடி" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றிலிருந்து ஒரு லியைக்கூட நான் தொடவில்லை.

லேத்தில் மாங்காட்டுக்காரர் ஒருவர் தற்காலிகமாக வேலை செய்துவந்தார். விவசாயக் குடும்பம். விடிந்ததும் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிவிட்டு சைக்கிள் மிதித்து வருவார். மழையிலும் லீவு எடுத்ததில்லை. அவருக்குப் பெண் நிச்சயமாகியிருந்தது. வேலை பெர்மனென்ட் ஆனால்தான் தாலி என்று பெண்வீட்டார் சொல்லிவிட்டார்கள். அவரைப் பற்றி ஃபோர்மேன் ரிப்போர்ட் எழுத வேண்டும். டிக்‌ஷனரியும் கையுமாக ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினார். 'ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ். ஐ ஸ்ட்ராங்லி ரெகமண்ட் ஹிம்.'

முதல் வாக்கியத்தைப் படித்ததும் என் விரல் நின்றது. 'ஒர்க்ஸ் ஹார்ட்' என்றால் கடுமையாக உழைக்கிறவர். 'ஹார்ட்லி ஒர்க்ஸ்' என்றால் வேலையே செய்யாதவர். அது எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எழுதினதை அப்படியே அடி என்றாரே, அடித்துவிட்டேன்.

வேலையே செய்யாதவனைப் பலமாகச் சிபாரிசு செய்கிற ஃபோர்மேனை மேனேஜர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். சிவப்புக் கோட்டோடு தாள் திரும்பி வந்தது. மாதக் கடைசியோடு மாங்காட்டுக்காரரை நிறுத்திவிடலாம் என்றும் கீழே எழுதியிருந்தது. சேதி எப்படியோ லேத்துக்குப் போய்விட்டது. அவர் எண்ணெய்க் கையோடு ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னா சார் எழுதுனீங்கோ?"

ஃபோர்மேன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான்டா எழுதுனேன். மரியாதையாத்தான் எழுதுனேன்."

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், அந்த லியை எடுத்திருக்கணும். லி போட்டதால, வேலையே செய்யமாட்டாருன்னு ஆயிடுச்சு" என்றேன். அவர் நம்பவில்லை. டிக்‌ஷனரியைப் புரட்டினார். அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்து, உதடு அசைய மூன்று தடவை படித்தார். பிறகு அதை மூடிவிட்டு, எழுந்து நேராக மேனேஜர் ரூமுக்குப் போனார். மொழிபெயர்க்க வேண்டியிருக்கும் என்று நானும் பின்னாலேயே ஓடினேன். எனக்கு வேலை வைக்கவில்லை.

"சார்," என்றார், விறைப்பாக நின்று. "ஹீ ஒர்க்ஸ் ஹார்ட். இங்கிலீஷ், ஐ ஹார்ட்லி நோ."

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மேஜை குலுங்கச் சிரித்தார். இதைவிடச் சரியாக அந்த வார்த்தையைச் சொல்லவே முடியாது என்று இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். புரட்டிப் பார்த்துவிட்டுப் பெர்மனென்ட் ஆர்டருக்குக் கையெழுத்துப் போட்டார். மாங்காட்டு அம்மன் கோயிலில் கல்யாணம் நடந்தது. நாங்கள் எல்லோரும் போனோம்.

பந்தியில் ஃபோர்மேன் என் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பாயசம் வரும் நேரத்தில் மெல்லக் கேட்டார்.

"அடிக்கும்போதே உனக்குத் தெரியுமாம்மா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும் சார்" என்றேன்.

திட்டுவார் என்று குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சவங்க வாயத் தொறக்க பயப்படுற மாதிரி நான் நடந்துகினு கீறேன்" என்றார். "உன் மேல தப்பில்ல."

என் மேலும் தப்பு இருந்தது. ஆனால் அதை அன்று அவரிடம் நான் சொல்லவில்லை.