அப்ரூவல் ஆன இருமல்

திருப்பூரில், தொண்ணூறுகளில், ஒரு ஓட்டல் பாரில் சோல், ஸ்கா, ஃபங்க், ஹிப்ஹாப் என்று வெளிநாட்டுப் பாட்டுப் போட்டவன் நான் என்றால் இன்றைக்கு யாரும் நம்புவதில்லை. நம்பவே வேண்டாம். அந்த லட்சணம் எனக்கல்லவா தெரியும்!

ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேம்பிள் செக்சன் என் பொறுப்பு. எங்களிடம் சரக்கு வாங்குகிற இங்கிலாந்துக்கார பையர் ஒருவர் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட டீ-சர்ட்டுக்கு ஆர்டர் கொடுத்தார். இதை எதுக்குங்க நெஞ்சில மாட்டிக்கிறீங்க என்று என் ஓட்டை இங்கிலீஷில் கேட்டுவைத்தேன். அது ஸ்கா பாட்டுக்காரர்களின் அடையாளம் என்றார். இளவட்டத்தில் அவர் ஊர் பாரில் சனிக்கிழமை தவறாமல் பாட்டுப் போட்டவராம். அடுத்த கூரியரில் சேம்பிள் துணிகளுக்கு நடுவே நாலு கேசட் வந்தது, வகைக்கு ஒன்றாக. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கட்டிங் டேபிள் சத்தம்கூட தாளமாகக் கேட்டது.

விஷயம் முதலாளி காதுக்குப் போனது. முதலாளிக்குப் பாட்டும் ஆகாது, பாரும் ஆகாது. பாரில் உட்கார்ந்தாலும் மோர் கேட்கிற மனுசன்.

"ஏங் கண்ணு, அந்த வெள்ளைக்காரருக்குப் புடிச்ச பாட்டு உங்கிட்ட இருக்குதாமா?"

"இருக்குதுங்க."

"அப்பறம் என்ன? அவரு வர்றப்ப ஓட்டல் பார்ல வெச்சுப் போட்டுடு. மனசு குளுந்தா விண்டர் ஆர்டர் நமக்குத்தான்."

வெள்ளகோவில் பக்கம் காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் கட்டுகிற ஆளைக் கூட்டிவந்தார்கள். இரண்டு கேசட் டெக், ஒரு ஆம்ப்ளிஃபையர். பிள்ளையார் பாட்டுப் போடாமல் செட்டை ஓட்டமாட்டேன் என்று அந்த ஆள் ஒற்றைக்காலில் நின்றார். போட்டோம். பிராந்தி நெடிக்கு நடுவே பிள்ளையார்! அப்புறம் நான் சோலில் ஆரம்பித்தேன். ஸ்கா பாட்டின் பாதியில் டேப் சிக்கிக் கீச்சென்று கத்தியது. கேசட்டை வெளியே எடுத்துப் பேனாவை விட்டுச் சுற்றினேன். பதட்டத்தில் மைக்குக்கு நேராக இருமினேன். அடுத்த டெக்கில் ஃபங்க்கைத் தட்டிவிட்டேன். பையர் எழுந்து கைதட்டினார். கிளம்பும்போது என் தோளைத் தொட்டு, "உனக்குப் பாட்டுக் கேட்கிற காது இருக்கிறது. நீயாகக் கோத்துப் போட்டுக் காட்டிக்கொண்டே இரு, என் சொந்தக் கேசட்டெல்லாம் ஒரு பெட்டி இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன்" என்றார். அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்தே போகவில்லை, பறந்தேன்.

அடுத்த ஆறு மாதம் வீட்டில் அதே வேலை. ஹிப்ஹாப் கேசட்டில் மூன்றாவது பாட்டின் டிரம்ஸ் எங்கேயோ கேட்டதாக உறுத்திக்கொண்டே இருந்தது. பிடித்துவிட்டேன்! ஃபங்க் கேசட்டில் ஒரு பாட்டின் நடுவிலிருந்து அப்படியே வெட்டியெடுத்து வைத்திருக்கிறார்கள், ஒரு பனியனின் கையைப் பிரித்து இன்னொன்றில் தைத்த மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு அந்த மனுசனிடம் காட்ட வேண்டும், அவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். வேறு ஆசையே எனக்கு இல்லை.

பையர் வரும் தேதி தெரிந்ததும் முதலாளி கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கேசட். மைக்செட்காரர் போன தடவை பாரில் ஓடியது முழுவதையும் பதிந்துவைத்திருந்தாராம்.

"இதையே போட்டுடு."

"புதுசா ஒண்ணு கண்டுபுடிச்சு வெச்சிருக்கறனுங்க..."

"பையர் ஓக்கே பண்ணுன சேம்பிள்ல கை வெக்கலாமா? தையல் கோணலா இருந்தா கோணலாத்தான் தைக்கோணும். உனக்கு நாஞ் சொல்லித் தரோணுமா?"

அடக் கருமமே! பாட்டுக்கும் அப்ரூவலா? அதோடும் விட்டாரா? துணிச் சேம்பிளுக்குக் கட்டுகிற அப்ரூவல் அட்டையை அந்தக் கேசட்டுக்கும் கட்டினார். "பையர்கிட்டக் கையெழுத்துக் கேட்டாச் சிரிப்பாரு. நீதான சேம்பிளுக்குப் பொறுப்பு, நீயே போடு" என்றார். போட்டேன். போட்டுவிட்டுத்தான் அவரை மனதுக்குள் திட்டினேன்.

பையர் வந்த அன்று பாரில் பிள்ளையார் வந்தார், சோல் வந்தது, ஸ்கா சிக்கியது, நான் இருமினேன். எல்லாம் டேப்புக்குள்ளிருந்து. "கையச் சும்மா வெக்காத, எதையாச்சும் திருகீட்டே இரு" என்று உத்தரவு. இணைப்பே இல்லாத டெக்கின் பட்டனைத் திருகிக்கொண்டு நின்றேன், கோமாளி. பையர் மரியாதைக்குச் சிரித்தார். அடுத்த சீசனும் அதே கேசட். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை, கீச்சென்று கத்திய இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆர்டர் வந்துகொண்டுதான் இருந்தது. விலைக்காக வந்தது. முதலாளியோ கேசட்டுக்குச் சந்தனப் பொட்டு வைக்காத குறை.

அதற்கடுத்த சீசனில் ஃபங்க், ஹிப்ஹாப் இரண்டு கேசட்டையும் சரியான இடத்துக்குச் சுற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பிள்ளையார் பாட்டு ஆரம்பித்ததுமே பையர் எழுந்து நேராக என்னிடம் வந்தார். கையில் கிளாஸ்கூட இல்லை.

"இதை யார் தேர்வு செய்கிறார்கள்?"

முதலாளி முந்திக்கொண்டார். "எல்லாம் இவன் செலக்சன் சார்!" கூடவே கேசட்டின் அட்டையையும் எடுத்து நீட்டினார். என் கையெழுத்து கொட்டை கொட்டையாக இருந்தது.

பையர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "உனக்கென்று போட ஒரு பாட்டுகூட இல்லையா?"

இருந்தது. பையில் கைவிட்டால் போதும். இணைப்பை மாற்ற ஒரு நிமிசம். முதலாளி என்ன, தலையையா எடுத்துவிடுவார்? இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், அவ்வளவுதான்.

"திஸ் இஸ் அப்ரூவ்டு, சார்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அந்தக் கேசட் பெட்டியை இந்த முறை கொண்டுவந்ததாகவும், மத்தியானம் வேறொரு கம்பெனியில் பாட்டைப் பற்றித் துருவித்துருவிக் கேட்ட ஒருவனிடம் கொடுத்துவிட்டதாகவும் சொன்னார். நல்ல காது அவனுக்கு என்றார். சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போய்விட்டார்.

முதலாளியைப் பற்றி இத்தனை பேசிவிட்டேன். பாவம், அவருக்குப் பாட்டு தெரியாது. எனக்குத் தெரியும். பட்டனைத் திருகிக்கொண்டே நின்றேன். சோல் முடிந்தது, ஸ்கா சிக்கியது, என் இருமல் வர வேண்டிய இடத்தில் சரியாக வந்தது.