மாலை போடாத கார்த்திகை

எங்கள் லைன் வீடுகளில் பெண்களுக்குப் பெரிய பண்டிகை தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை. கார்த்திகை முதல் தேதிதான். அன்றைக்குத்தான் ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள். மாலை கழுத்தில் ஏறிவிட்டால் பொங்கலுக்கு மகர ஜோதி பார்த்துத் திரும்பும் வரை, இரண்டு மாதம், சாராயக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். அன்றைக்கு எங்கள் குழாயடியில்கூடச் சண்டை இருக்காது. ஒருத்தி குடத்தை இன்னொருத்தி தூக்கிவிடுவாள்.

நான் சொல்வது எண்பத்து நாலு, எண்பத்தைந்தாம் வருஷத்துக் கதை. பட்டாபிராம் ஸ்டேஷனை ஒட்டி ஒரே வரிசையாக ஓட்டு வீடுகள். என் வீட்டுக்காரர் குணசேகரனும் பக்கத்து வீட்டு உத்தமனும் ஆவடி பேக்டரியில் ஒரே செக்‌ஷனில் வெல்டர்கள். உத்தமனின் அப்பா, தாத்தா எல்லாரும் நெமிலிச்சேரிப் பக்கம் கழனி வேலை பார்த்தவர்கள். அந்தக் குடும்பத்தில் பேண்ட் போட்டு, டிபன் கேரியர் எடுத்து, மின்சார ரயில் ஏறி வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். கெட்டிக்காரர், கலகலப்பானவர். உத்தமன் என்று அவருக்குப் பெயர் வைத்தவர்கள் சம்பள நாளில் அவரைப் பார்த்திருந்தால் பெயரை வாபஸ் வாங்கியிருப்பார்கள். என் வீட்டுக்காரரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு பேரும் ஜோடி போட்டுக்கொண்டு குடித்தார்கள்.

மாலை போட்ட உத்தமன் வேறு ஆள். விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளித்து, கறுப்பு வேட்டி கட்டி, பால்காரனைக்கூட 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். பெண்டாட்டி பஞ்சவர்ணத்திடம் "சாமி, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் பாதி பயம்தான். மாலையைக் கழட்டும் நாள் எது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மலைக்குப் போன பஸ் திரும்பி வந்து பிள்ளையார் கோயில் முன்னால் நிற்கும். குருசாமி ஒவ்வொருவர் கழுத்திலிருந்தும் மாலையைக் கழட்டுவார். கழட்டிய கழுத்துகள் எல்லாம் சாயங்காலத்துக்குள் கடையில் இருக்கும். அத்தனை நாள் அடக்கி வைத்ததை ஒரே சாயங்காலத்தில் வசூல் பண்ணிவிடுவார்கள். கேட்டால், "இம்மா நாள் கட்டுப்பாடா இருந்தோம்ல?" என்று நம்மிடமே நியாயம் கேட்பார்கள். கொஞ்ச நாள் தள்ளிக் கழட்டக் கூடாதா சாமி என்று நான் குருசாமியிடமே கேட்டிருக்கிறேன். "விரதத்துக்குன்னு ஒரு கணக்கு கீதும்மா" என்று சொல்லிவிட்டார்.

பஞ்சவர்ணம் பார்க்காத வைத்தியம் இல்லை. குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாம் என்று பேப்பரில் விளம்பரம் பார்த்து, ஏதோ ஒரு பொடியைத் தபாலில் வரவழைத்துச் சாம்பாரில் கலந்தாள். உத்தமன் அன்றைக்குச் சாப்பிடவே வரவில்லை. வாசனையாக இருக்கிறதே என்று ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்ட என் வீட்டுக்காரர்தான் இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவருடைய குடியும் நிற்கவில்லை, வயிறும் நிற்கவில்லை. இப்போது சிரிக்கிறேன். அந்தப் பொடியில் என்ன இருந்ததோ, உயிர் போயிருந்தால் என்ன செய்திருப்போம்?

எண்பத்தைந்து காணும் பொங்கல் அன்று பஞ்சவர்ணத்தின் தம்பி திருநின்றவூரிலிருந்து கரும்பும் புடவையுமாக அக்காவைப் பார்க்க வந்திருந்தான். உத்தமன் அன்று காலையில்தான் மாலையைக் கழட்டியிருந்தார். மத்தியானம் தள்ளாடிக்கொண்டு வந்தவர், கரும்புக் கட்டைத் தெருவில் இழுத்துப் போட்டார். "மலட்டுக் கய்தைக்கு சீர் ஒரு கேடா?" என்று லைன் முழுக்கக் கேட்கக் கத்தினார். தம்பி தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். பஞ்சவர்ணம் அழவில்லை. கரும்பைப் பொறுக்கிச் சுவரோரமாகச் சாத்தி வைத்தாள்.

அன்றோடு அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சோறு போடுவாள், துணி துவைப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். "அடிச்சிருந்தாகூட மறந்துருப்பேன் கஸ்தூரி" என்றாள் என்னிடம்.

உத்தமனுக்கு அது உறைத்ததோ இல்லையோ, உடம்புக்கு உறைத்தது. காலையில் கை நடுங்க ஆரம்பித்தது. கை நடுங்கினால் வெல்டிங் எங்கே நிற்கும்? போர்மேன் அவரைக் கூட்டிப் பெருக்குகிற வேலைக்கு அனுப்பினார். அங்கேதான் ஜேம்ஸ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஜேம்ஸ் சேக்காட்டுக்காரர், அதே பேக்டரியில் கிரேன் ஓட்டுபவர். ஒரு காலத்தில் உத்தமனைத் தூக்கிச் சாப்பிடும் குடிகாரர். விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது.

"நானும் இதே தொடப்பத்தப் புடிச்சவன்தான் மாமே. வா, எப்படி வெளிய வந்தேன்னு காட்டறேன்."

"இன்னிக்கே உட்டுட்றேன்" என்றாராம் உத்தமன்.

"ஒண்டியா உடாத. ஒடம்பு தூக்கிப் போடும். மொதல்ல டாக்டராண்ட போலாம்."

கூடவே போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வெளியே வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். குடியை விட்டவர்களும் விட முடியாமல் தவிப்பவர்களும் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து அவரவர் கதையைச் சொல்வார்கள். உபதேசம் கிடையாது, டீ உண்டு. பட்டாபிராமில் இறங்கினால் கடையைத் தாண்டித்தான் வீட்டுக்கு வரவேண்டும். அதனால் முந்தின ஸ்டேஷனான இந்து காலேஜிலேயே இறங்கி நடக்கச் சொன்னார் ஜேம்ஸ். சட்டைப் பையில் எப்போதும் கடலை மிட்டாய் வைத்துக்கொள்ளச் சொன்னார். குடிக்கச் சொல்லி நாக்கு இழுக்கிற நேரத்தில் ஒன்றைக் கடித்துக்கொண்டு, யாராவது ஒருவரிடம் போய் வாய்விட்டுச் சொல்லவேண்டும். உத்தமன் என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார். "தங்கச்சி, இப்ப குடிக்கணும் போல கீது. சும்மா உன்னாண்ட சொல்லிக்கினு போலாம்னு வந்தேன்." நான் ஒரு முறம் உளுந்தைக் கொடுத்துக் கல் பொறுக்கச் சொல்வேன். பொறுக்குவார்.

ஆடி மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அங்கே போய்க் குடித்துவிட்டார். மறுநாள் ஜேம்ஸ் முகத்தில் எப்படி விழிப்பது என்று வேலைக்கே போகவில்லை. ஜேம்ஸே சைக்கிள் மிதித்துக்கொண்டு வந்துவிட்டார். திட்டவில்லை. "விழுந்தா ஏந்துரு நைனா. விழுந்த எடத்துலயே பாய் போட்டுப் படுத்துக்காத" என்றார்.

அவர் கிளம்பும்போது உத்தமன் பிடித்துக்கொண்டார். "உன் பேச்சக் கேட்டு இம்மா நாள் இருந்தேன். அவ ஒரு வார்த்த பேச மாட்றா. இன்னா பொம்பள அவ?"

"நீ குடிய உட்டா அவங்க எல்லாத்தையும் மறந்துடணுமா? சொன்னது உன் வாயி. தாங்குனது அவங்க நெஞ்சு. உனுக்கு ஆஸ்பத்திரி கெடச்சுது, நாங்க கெடச்சோம். அவங்களுக்கு யாரு கீறாங்க? போய் அவங்க எதிர்ல குந்து. அவங்க சொல்றதக் கேளு. நடுவுல மட்டும் வாயத் தொறக்காத."

அந்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. நான் ஒட்டுக்கேட்கவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவும் இல்லை. "உனுக்கு இன்னா சொல்லணுமோ சொல்லு" என்றார். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு பஞ்சவர்ணத்தின் குரல் வந்தது.

"ரெண்டு தபா வயித்துல தங்காம போச்சே. ஆஸ்பத்திரில ஒண்டியா கெடந்தேன். நீ எங்க இருந்த?"

"அது வந்து..."

"பேசாத. தம்பி எதிர்ல சொன்னியே ஒரு வார்த்த. அன்னிக்கே நான் செத்துட்டேன்யா. உனுக்கு சோறு போடறது என் கைதான், நான் இல்ல."

கல்யாணம் ஆன நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். உலையில் சோறு குழைந்து தீய்ந்த வாடை என் வீட்டுக்கு வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் உத்தமன், "ஆமா, எல்லாம் நான்தான் செஞ்சேன்" என்று மட்டும் சொன்னார். பிறகுதான் அவள் அழுதாள். நானும் இந்தப் பக்கம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அதற்காக அவள் மறுநாளே மனசு மாறிக் கொஞ்சவில்லை. டீயைத் தரையில் வைத்துவிட்டுப் போனவள், கையில் கொடுக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான்.

அந்த வருஷமும் கார்த்திகை வந்தது. குருசாமி மாலையும் கையுமாக வந்து நின்றார். உத்தமன் கும்பிட்டுவிட்டு, "இந்த வருஷம் நான் போடல சாமி" என்றார்.

லைனே இடி விழுந்தது போல் ஆகிவிட்டது. மாலை போடாவிட்டால் மறுபடி குடிக்கப் போகிறார் என்றுதான் அர்த்தம், வேறென்ன? பஞ்சவர்ணம் கையிலிருந்த சொம்பை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் செருப்பைக்கூடப் போடாமல் போய்க் கேட்டேன். "ஏன் அண்ணே, நல்லாதானே இருந்தீங்க? ரெண்டு மாசம் அவ நிம்மதியா இருக்கறது உங்களுக்குப் பொறுக்கலையா?"

"மால போட்டா கழட்டற நாளு ஒண்ணு வரும் தங்கச்சி" என்றார். "வருஷா வருஷம் அந்த நாள நெனச்சிக்கினுதான் சரணம் போட்டேன். அதுல சாமி எங்க கீறாரு? இந்த தபா கழட்டற நாளே இல்லாம இருந்து பாக்கறேன். ஐயப்பன் கோவிச்சுக்க மாட்டாரு."

குருசாமி "சாமியே சரணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அடுத்த வீடு எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் வழக்கம்போல் போட்டுக்கொண்டார்.

உத்தமன் கார்த்திகை தாண்டினார், மார்கழி தாண்டினார், மாலை இல்லாமலே. பொங்கலும் வந்தது. காணும் பொங்கல் அன்று பஸ் வருகிற நேரம். மாலை கழட்டிய என் வீட்டுக்காரர் நேராக எங்கே போவார் என்று எனக்குத் தெரியும். அடுப்பை மூட்டாமல் அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தேன். பஞ்சவர்ணம் வந்து பார்த்தாள். திரும்பி, தன் வீட்டு வாசலில் நின்ற உத்தமனை, "யோவ்" என்று கூப்பிட்டாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு நாலு பேர் காதில் விழ அவரை அவள் கூப்பிட்டது அதுதான் முதல்.

"குணா தம்பி எறங்கற எடத்துக்குப் போ. போய் இட்டாந்துடு."

உத்தமன் வாசல்படியை விட்டு இறங்கவில்லை. அந்த மாதிரி இடத்துக்கே போகாதே என்று ஜேம்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "அல்லாரும் அங்கதான் நிப்பானுங்க. எனுக்கே பயமா கீது பஞ்சு."

"அப்ப நானும் வரேன். நட."

இரண்டு பேரும் முன்னால் போனார்கள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். பிள்ளையார் கோயில் முன்னால் மாலை கழட்டி முடிந்திருந்தது. கூட்டத்தில் ஒருவன், "இன்னா அண்ணாத்தே, மலைக்கு வராம தண்ணிக்கு மட்டும் கரெக்டா வந்துட்ட" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். உத்தமனின் கை சட்டைப் பையில் கடலை மிட்டாயைத் தேடியது. பஞ்சவர்ணம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். நடுத்தெருவில், அத்தனை ஆண்கள் பார்க்க. எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் அப்படிச் செய்ய மாட்டாள்.

உத்தமன் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "குணா, ஊட்டுக்குப் போலாம் வா" என்றார்.

"ஒரே ஒரு கிளாஸ் மச்சான். பஸ்ல குந்திக் குந்தி ஒடம்பெல்லாம் வலிக்குது."

"எனுக்கும் வலிக்குது மச்சான். ரெண்டு பேரும் வலியோடவே ஊட்டுக்குப் போலாம்."

என் வீட்டுக்காரர் அவரைப் பார்த்தார். பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். அப்புறம் என்னையும் பார்த்தார். இருமுடிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். அன்றைக்குத்தான், கல்யாணமாகி முதல் முறையாக, காணும் பொங்கல் சாயங்காலத்தில் என் புருஷன் என் வீட்டில் உட்கார்ந்து என் கையால் சாப்பிட்டார்.

அன்றோடு அவர் திருந்திவிட்டார் என்று சொன்னால் பொய். ஜேம்ஸின் பெஞ்சில் போய் உட்கார அவருக்கு இன்னும் ஒரு வருஷம் பிடித்தது. நடுவில் விழுந்தார், எழுந்தார். ஒவ்வொரு முறையும் உத்தமன் வந்து வாசலில் நின்றார். பிறகு அரசாங்கம் சாராயக் கடையை மூடியது, அந்த இடத்தில் பிராந்திக் கடை வந்தது. அதுவும் எங்களை ஒன்றும் செய்யவில்லை. தொண்ணூற்று ஆறில் உத்தமன் ரிட்டயர் ஆகும் வரைக்கும், பஸ் திரும்புகிற நாளில் புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையார் கோயில் முன்னால் நிற்பதை யாராலும் தடுக்க முடியவில்லை. சில வருஷம் யாராவது ஒருவர் அவர்களோடு வீட்டுக்கு வருவார், சில வருஷம் யாரும் வர மாட்டார்கள். யாரும் வராத வருஷத்தில் இரண்டு பேரும் கடலை மிட்டாய் கடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள்.

வெள்ளிக்கிழமை நான் பொன்னியம்மன் கோயிலுக்குப் போனால், அர்ச்சனைக்கு யார் பேர் என்று பூசாரி கேட்பார். பஞ்சவர்ணம், உத்தமன் என்று சொல்வேன். அப்புறம்தான் எங்கள் பேர்.