பின்பக்கமாக மேடேறிய கல்யாணக் கார்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எஸ்டேட்டில் காபிப் பழம் தோலுரிக்கிற மிஷினைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்குக் கோபம் இல்லாவிட்டால் மிஷின் ஓடாது என்பது என் கட்சி. என் மனைவி இதை ஒப்புக்கொண்டதில்லை. "மிஷினத் திட்டுங்க, வேண்டாங்கல. அதே வாயில எங்களையும் ஏனுங்க திட்டறீங்க?" என்பாள்.

ஒரே ஒரு பொருளிடம் மட்டும் ஐந்து வருஷம் நான் கோபப்படாமல் இருந்திருக்கிறேன். அது ஒரு கார்.

எழுபதுகளின் கடைசியில் நாகலூர்ப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் பழைய குதிரை லாயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். மிளகுக் கூடைகளையும் கிழிந்த சாக்குகளையும் இழுத்துப் போட்டால், அடியில் அது நிற்கிறது! இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில் வெள்ளைக்காரத் துரை ஒருவர் கப்பலில் வரவழைத்த வண்டி என்றார் எஸ்டேட் ரைட்டர். மேலே துணிக் கூரை, கட்டை ஆரக்கால் வைத்த சக்கரம், கையால் சுற்றிக் கிளப்பும் கம்பி. கூரையை எலி தின்றிருந்தது. ஆரக்கால்களைக் கரையான் தின்றிருந்தது. "எடுத்துக்கிட்டுப் போய்யா, எடம் காலியானாப் போதும்" என்றார் முதலாளி. நாலு பேரை வைத்துத் தள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

"ஊட்டுல ரெண்டாவது கட்டில் போட எடமில்ல. இந்தப் பொணத்த எங்கீங்க வெக்கறது?" என்றாள் மனைவி.

என் மகள்தான், "எந்திரிக்கிற பொணந்தாம்மா" என்று கூரையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் அப்போது டைப்ரைட்டிங் படித்து முடித்து வேலைக்குக் காத்திருந்த நேரம். அன்றிலிருந்து அந்தக் கார் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. சேலத்துப் பக்கம் மாட்டு வண்டிச் சக்கரம் செய்யும் ஆசாரி ஒருவர் வேலமரத்தில் ஆரக்கால் இழைத்துக் கொடுத்தார். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் ரேடியேட்டர் ஓட்டைகளை அடைத்தார். டயர் மட்டும் இரண்டு வருஷம் இழுத்தடித்தது. சீட்டுக்குத் தேங்காய் நார் அடைத்ததும், கூரைத் துணி தைத்ததும் மகள். முதல் முறையாக எஞ்சின் பிடித்து ஓடியபோது அவள் கைதட்டிக் குதித்தாள். எங்கள் கோழிகள் சிதறி ஓடியதில் மூன்று நாள் முட்டையே கிடைக்கவில்லை என்று மனைவி இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வண்டியின் சூட்சுமம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்ரோல் டாங்க் முன்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோலை இழுக்கிற பம்பு கிடையாது. மேல்தொட்டித் தண்ணீர் குழாய்க்கு இறங்குவது போல, அது தானாகச் சரிந்து எஞ்சினுக்குப் போக வேண்டும். மேடேறும்போது வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், டாங்க் கீழே போய்விடும். டாங்க் நிறைய இருந்தால் தப்பித்தோம். கொஞ்சமாக இருந்தால் சொட்டுக்கூட எஞ்சினுக்கு எட்டாது. அதனால் ஏற்காடு ரோட்டில் ஏறுகிற போதெல்லாம் டாங்க்கை நிரப்பிக்கொள்வேன்.

ஐந்து வருஷம் கழித்து மகளுக்கு ஆத்தூர் மாப்பிள்ளை அமைந்தார். ஏற்காட்டுக் கோயிலில் காலை பத்து மணிக்குக் கல்யாணம். எங்கள் பாதிரியாருக்குப் பத்து என்றால் பத்துதான். "கோயிலுக்கு நம்ம கார்லதான் போவேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். எஸ்டேட் ஜீப் இருக்க இந்தக் கூத்து எதற்கு என்று மனைவி சண்டை பிடித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நடுவழியில நின்னுச்சுன்னா மறுநாளே பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுடறேன், போ!" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கல்யாணத்தன்று காலையில் மனைவி காருக்குள் மூக்கை நீட்டினாள். "ஏனுங்க, சீட்டுக்கடியில பெட்ரோல் நாத்தம் கொடலப் புடுங்குது. பட்டுச் சீலையில ஏறிக்கிட்டா, புள்ள கோயில்ல நாறிக்கிட்டு நிக்கோணுமா?"

நியாயமாகத்தான் பட்டது. அலம்பித் தளும்பாமல் இருக்கட்டும் என்று பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிட்டு, குச்சி விட்டுப் பார்த்து இரண்டு விரல் அளவு மட்டும் வைத்தேன். கோயில் வரைக்கும் அது தாராளம். தூரத்தைக் கணக்குப் போட்ட புத்தி மேட்டை மறந்துவிட்டது. ஐந்து வருஷம் அந்த வண்டியோடு குடித்தனம் நடத்தியவன், மறந்தேன்!

என் அக்கா பின்சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். "ஊட்ட உட்டு எறங்குன பொண்ணு திரும்பிப் பாக்கக் கூடாது கண்ணு. கோயில் போய்ச் சேர்ற வரைக்கும் நேராப் பாரு" என்றாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் புறப்பட்டிருக்கிறார்கள். மகள் கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். மனைவியும் மற்றவர்களும் ஜீப்பில் பின்னால் வந்தார்கள்.

கடைசி மேட்டில் பாதி ஏறியதும் கார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

ஜீப்பிலிருந்து எல்லோரும் இறங்கி வந்தார்கள். ஓட்டைக் கப்பலுக்கு ஒன்பது மாலுமி! ஒருவர் பெட்ரோல் குழாயை ஊதச் சொன்னார், ஒருவர் தள்ளச் சொன்னார். ஜீப்போ டீசல் வண்டி, அதிலிருந்து ஒரு சொட்டு வாங்க முடியாது. மனைவி, "மணி ஒம்பதே முக்கால். ஜீப்புல ஏறு கண்ணு" என்றாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை. ஐந்து வருஷத்தில் முதல் முறையாகக் காரின் சக்கரத்தை ஓங்கி உதைத்தேன்.

"என்ற கார ஒதைக்காதீங்கப்பா" என்றது உள்ளேயிருந்து குரல். "பெட்ரோல் எத்தன வெரலு?"

"ரெண்டு."

"அப்பறம் எப்படி ஏறும்? வண்டியத் திருப்புங்க. ரிவர்ஸ்ல ஏறுனா டாங்க்கு மேல வந்துரும்ல?"

அக்கா பதறினாள். "கல்யாணப் பொண்ணு பின்னால போறதா? முன் வெச்ச காலப் பின் வெக்கக் கூடாது சாமி!"

"நான் காலையே எடுத்து வெக்கலீங்களே அத்தை. உக்காந்துட்டுத்தான இருக்கறேன்!"

மனைவியே சிரித்துவிட்டாள். எல்லோருமாகக் காரைத் தள்ளி, மூக்கு பள்ளத்தைப் பார்க்கிறபடி திருப்பி நிறுத்தினோம். கம்பியைச் சுற்றினேன், எஞ்சின் பிடித்துக்கொண்டது. ரிவர்ஸுக்கென்றே அதில் இருக்கிற தனிப் பெடலை மிதித்துக்கொண்டு, ஒரு கையில் ஸ்டியரிங்கும் பின்னால் திருப்பிய தலையுமாக மேடேற ஆரம்பித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் செய்தாள்.

மகள் அக்கா சொன்னபடி நேராகத்தான் பார்த்தாள். ஆனால் நேரே இப்போது இருந்தது நாங்கள் விட்டுவந்த பள்ளம். சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே எங்கள் தகரக் கூரை வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம், காருக்கு மூக்கோடு மூக்காக ஜீப் ஏறி வந்தது. அதன் முன்சீட்டில் அவள் அம்மா.

"அப்பா, திரும்பாமயே நம்ம ஊடு தெரியுதுங்க! அம்மாவும் தெரியறாங்க!"

சிரிக்கிறாள், கண்ணிலிருந்து கொட்டுகிறது. ஜீப்பில் மனைவியும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பார்த்து ஓட்டச் சொல்லி எனக்குக் கையை ஆட்டுகிறாளாம். மகள்தான் சொன்னாள். அக்கா ஒரு கண்ணை மட்டும் திறந்து நடப்பதைப் பார்த்தாள். "அவ திரும்பலியே, வண்டிதான திரும்புச்சு. தப்பில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள்.

நான் ரோட்டைத்தான் பார்த்தேன். ஆனால் ரோடு மகளின் காதோரமாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் பிறந்ததிலிருந்து ஏதாவது எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் அவளோடு பேசியிருக்கிறேன். ஸ்பேனர் எடு, விளக்கைப் பிடி. அவள் முகத்தை ஒரே மூச்சில் அவ்வளவு நேரம் நான் பார்த்ததே இல்லை. அந்த மேடு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம் என்று மனசார நினைத்தேன்.

பத்து மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது, கார் கோயில் வாசலுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்தது. மாப்பிள்ளை வீட்டார் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இறங்கினால் என் கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது. மனைவி வாசலிலேயே தைலம் தேய்த்துவிட்டாள்.

மறுநாள் நானாகவே இரும்புக்காரன் பேச்சை எடுத்தேன். "நின்னது காரில்லீங்க. நாம வெச்ச ரெண்டு வெரலு" என்று மனைவி காப்பியை வைத்துவிட்டுப் போனாள். கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

கல்யாணப் போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் தலையைத் திருப்பி மகளைப் பார்க்கிறேன். கேட்கிறவர்களிடம், ரிவர்ஸில் ஓட்டியதில் கழுத்துப் பிடித்துக்கொண்டது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

"தைலம் தேச்ச ஒடனே சரியாப் போயிருச்சேங்க" என்பாள் மனைவி, அவர்கள் போன பிறகு.