தாம்பாளத்தில் வைத்த பேனா

செய்தி வந்தபோது என் கையில் வாக்குச்சீட்டுக் கட்டு இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து ஞானமுத்து சாரின் மகள் பேசினாள். விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாராம், சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கமாம். எங்கள் பள்ளியில் அன்று மாணவர் தலைவர் தேர்தல். பிள்ளைகள் வராந்தாவில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். தள்ளிவைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இந்தத் தேர்தலைப் பள்ளிக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். அவருக்காக அதைத் தள்ளிவைத்தால் அவரே எழுந்து வந்து திட்டுவார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் சீட்டைக் கொடுத்தேன்.

அம்பாசமுத்திரம் பக்கத்தில் எங்கள் உயர்நிலைப்பள்ளியில் அவர் சமூக அறிவியல், நான் தமிழ். பதினோரு வருடம் ஒரே ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அவருடைய குரல் மறந்திருக்காது. தேசிய கீதத்தை ஒருநாள்கூட அவர் சுதியோடு பாடியதில்லை. காலைக் கூட்டத்தில் அவர் பக்கத்தில் நிற்காமலிருக்க நாங்கள் படாத பாடு பட்டோம். ஒருமுறை, வாயை மட்டும் அசைத்தால் போதாதா சார் என்று கேட்டேவிட்டேன். "எனக்கும் சேத்து யார் டீச்சர் பாடுவா?" என்றார். மறுநாளும் அதே சத்தம்தான்.

அவர் வருவதற்குமுன் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைதான் எங்கள் மாணவர் தலைவர். அது சரியில்லை என்று முதல் வாரமே ஆரம்பித்துவிட்டார். "மார்க்கு வாங்குததும் மத்த பிள்ளைக நம்புததும் ஒண்ணா டீச்சர்?" தேர்தலை அவர் தன் பாடத்தோடு நிறுத்தவும் இல்லை. கணக்கு ஆசிரியர் வாக்காளர் பட்டியல் போட வேண்டும், ஓவிய ஆசிரியர் வாக்குப்பெட்டி செய்ய வேண்டும். வேட்பாளர்களின் வாக்குறுதிகளைத் திருத்துவது என் தலையில் விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு ராஜேஷ், வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடும் விளையாட்டு என்று எழுதிக்கொண்டு வந்தான். நான் சந்திப்பிழை தேடிக்கொண்டிருந்தேன். சார் எட்டிப் பார்த்து, "ஏலே, இது ஒன் கையிலயா இருக்கு?" என்று கேட்டார். பையன் தலையைச் சொறிந்துவிட்டு, 'கேட்டுப் பார்ப்பேன்' என்று மாற்றி எழுதினான். இப்படி எழுதின வேட்பாளரை நாட்டில் தான் பார்த்ததே இல்லை என்று சார் அன்று முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த முதல் தேர்தலில்தான் என் மானம் கப்பலேறியது. சுதந்திர தினத்துக்கு முந்தின நாள் வாக்குப்பதிவு. ஜெயிக்கிறவர் மறுநாள் கொடியேற்றத்தில் உறுதிமொழி வாசிக்க வேண்டும். யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரியக்கூடாது என்பதற்காக எல்லோருக்கும் ஆசிரியர் அறையிலிருந்து ஒரே மாதிரி சிவப்புப் பேனா கொடுத்திருந்தோம். ஒரு பெயருக்கு ஒரு டிக், வேறு குறி எதுவும் இருந்தால் சீட்டு செல்லாது என்று சாரே கரும்பலகையில் எழுதிவைத்திருந்தார். எண்ணுவதற்கு என்னை உட்கார வைத்தார்கள். சிவப்புப் பேனா கையில், காகிதக் கட்டு முன்னால். இருபது வருடம் விடைத்தாள் திருத்திய கை சும்மா இருக்குமா? பார்த்த சீட்டில் எல்லாம் நானும் ஒரு டிக் போட்டுக்கொண்டே போயிருக்கிறேன். ராஜேஷுக்கு எதிராக நின்ற இசக்கியம்மாள்தான் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "சார், டீச்சர் டிக் போடுதாங்க" என்றாள்.

அதற்குள் பாதிக் கட்டு முடிந்திருந்தது. கை போன வேகத்தில் சிலவற்றில் என் டிக் பக்கத்துப் பெயரிலும் விழுந்திருந்தது. எது பிள்ளை போட்டது, எது நான் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. மிச்சத்தையும் எண்ணிப் பார்த்ததில் ராஜேஷ் நாலு ஓட்டில் முந்தியிருந்தான். போகட்டும், அவனையே அறிவித்துவிடலாம் என்றார் தலைமையாசிரியர். நானும் சாரிடம் கெஞ்சினேன். பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்தால் நாளைக்கு எந்த முகத்தோடு வகுப்புக்குப் போவேன்?

சாருக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பார்த்துப் பைய, "செல்லாதுன்னு எழுதிப் போட்டது பிள்ளைகளுக்கு மட்டுமா டீச்சர்?" என்றார். ஆசிரியர்கள் பக்கம் ஒரு தவறு நடந்துவிட்டது, காலையில் மறுபடி வாக்குப்பதிவு என்று மட்டும் சொல்வதாகவும், என் பெயரை எடுக்கவே மாட்டேன் என்றும் சொன்னார். எடுக்கவும் இல்லை. மறுநாள் கூட்டத்தில் அவர் சொல்லி முடித்ததும், என்னவோ தோன்றி நானே முன்னால் போய், டிக் போட்டது நான்தான் என்றேன். முந்நூறு பிள்ளைகளும் கொல்லென்று சிரித்தார்கள். நான் பயந்தது அவ்வளவுக்குத்தான். ஒரு நிமிடத்தில் முடிந்துபோனது.

மறுவாக்குப்பதிவால் கொடியேற்றம் முக்கால் மணி நேரம் தாமதமானது. விருந்தினராக வந்திருந்த ஊர்க்காரர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்றார். தலைமையாசிரியர் மன்னிப்புக் கேட்கப் போனபோது, "கொடிக்காகத்தான நிக்கேன், பரவாயில்ல" என்றாராம். மறுபடியும் ராஜேஷே ஜெயித்தான், இந்த முறை இன்னும் கூடுதல் ஓட்டில். இதற்குத்தானா இந்தப் பாடு என்று தலைமையாசிரியர் முணுமுணுத்தார். அப்போது முதலில் கைதட்டியது இசக்கியம்மாள். சார் அவளிடம் வருத்தமா என்று கேட்டார். "நேத்து சந்தேகமா இருந்துச்சு சார். இன்னைக்கு தோத்துட்டேன்னு நம்புதேன்" என்றாள்.

ராஜேஷ் உறுதிமொழி வாசித்தான், கொடி ஏறியது, சார் வழக்கம்போலச் சுதி தப்பிப் பாடினார். அன்று நானும் அவர் பக்கத்திலேயே நின்று பாடினேன். அதற்குப் பிறகு அவர் எந்த ஊர் மேடையில் பேசினாலும் அந்தப் பெண் சொன்னதைச் சொல்லாமல் இறங்கியதில்லை. "தோத்தவ நம்புனாத்தான் டீச்சர் அது தேர்தல்" என்பார். அடுத்த வருடத்திலிருந்து ஒரு வழக்கமும் வந்தது. எண்ணும் அறை வாசலில் ஒரு தாம்பாளம் இருக்கும். உள்ளே போகிற ஆசிரியர்கள் எல்லோரும் பேனாவை அதில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். என்னைக் கேலி செய்யத்தான் அதை வைத்தார் என்று வெகுநாள் முறைத்துக்கொண்டிருந்தேன். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் தாம்பாளம் வைக்கிற வழக்கம் மட்டும் நிற்கவில்லை.

அவர் போன செய்தி வந்த அன்றும் அது வாசலில் இருந்தது. ஏதோ நினைவில் நான் நேரே உள்ளே போகப் பார்த்தேன். எட்டாம் வகுப்பு வேட்பாளர் ஒருத்தி குறுக்கே வந்து தாம்பாளத்தை நீட்டி, "டீச்சர், உங்க பேனா" என்றாள். யார் ஏற்படுத்திய வழக்கம் என்று அவளுக்குத் தெரியாது. அவரை அவள் பார்த்ததுகூட இல்லை. வைத்துவிட்டுப் போனேன். அன்று தோற்றதும் அவள்தான். முடிவைச் சொன்னதும் ஒரு நிமிடம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, ஜெயித்தவளிடம் போய்க் கை கொடுத்தாள்.

மூன்று மணிக்குப் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்தேன். வந்தவர்கள் இரண்டு வரி எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். பையைத் துழாவினேன், பேனா இல்லை. தாம்பாளத்திலேயே கிடக்கிறது. துக்க வீடு என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். சாரின் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். அழுது சிவந்த கண்ணோடு அவளும் சிரித்தாள். தன் பேனாவைக் கொடுத்து, "நோட்டுல டிக் எதுவும் போட்டுறாதீங்க டீச்சர்" என்றாள். மனுஷன் வீட்டிலும் சொல்லியிருக்கிறார்!

ஆசிரியையின் பேனாவைக் கேட்டு வாங்க ஒரு சின்னப் பெண்ணுக்குப் பயம் இல்லாத பள்ளிக்கூடம். அவர் எனக்கு விட்டுப் போனது அதுதான், அதை நான் பத்திரமாக வைத்துக்கொள்வேன். நோட்டில் அவருக்கு இரண்டே வரிதான் எழுதினேன்.

'தேர்தல் நல்லபடியாக முடிந்தது சார். தோற்றவள் நம்புகிறாள்.'